கூப்பன், தள்ளுபடி, ரீபேட்: மூன்றையும் ஒரே பொருளில் சேர்த்து மிச்சம் பிடிப்பது எப்படி?

பாத்திரம் துலக்கும் திரவம், பாட்டிலைக் கவிழ்த்துப் பிழிந்தாலும் வராத நாள் ஒன்று வரும். அன்று மாலையே கடைக்குப் போய், அலமாரியில் என்ன விலை ஒட்டியிருக்கிறதோ அதைக் கொடுத்து வாங்கி வருவோம். தள்ளுபடி போன வாரம் முடிந்திருக்கும். கூப்பன் அடுத்த வாரம்தான் வரும். தீர்ந்த பிறகு கடைக்கு ஓடுகிறவர் சொன்ன விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும். வீட்டில் இன்னும் ஒரு பாட்டில் இருக்கும்போது போகிறவரால் காத்திருக்க முடியும்.

அந்தக் காத்திருப்பை வைத்துக்கொண்டு, கடையின் தள்ளுபடி, கூப்பன், வாங்கிய பிறகு திரும்பி வரும் ரீபேட் மூன்றையும் ஒரே பொருளின் மேல் சேர வைப்பது எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். சோப்பு, சலவைத் திரவம், பற்பசை, ஷாம்பு, தரை துடைக்கும் திரவம், குப்பைப் பை, டிஷ்யூ, பேட்டரி என எப்படியும் வாங்கியே தீர வேண்டிய பொருட்களை மனதில் வைத்து எழுதியது இது. உதாரணங்களில் வெறும் எண்களைத்தான் போட்டிருக்கிறேன். எந்த நாணயத்துக்கும் கணக்கு ஒன்றுதான்.

முதலில், இது யாருடைய கைக்காசு?

எந்தச் சலுகையைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. இதற்கு விடை தெரிந்தால், எதை எதோடு சேர்க்கலாம் என்பது பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

கடையில் தொங்கும் தள்ளுபடி விலை, கடையின் முடிவு. பின்னாலிருந்து தயாரிப்பு நிறுவனம் ஈடுகட்டினாலும், உங்களைப் பொறுத்தவரை அது கடை கொடுப்பது. கடை தன் பெயரில் தரும் கூப்பனும் அப்படித்தான். தயாரிப்பாளர் கூப்பன் வேறு வகை. கடை உங்களுக்கு அந்தத் தொகையைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு கூப்பனைக் காட்டித் தயாரிப்பாளரிடம் பணத்தை வாங்கிக்கொள்ளும். ரீபேட் என்பது நீங்கள் முழுப் பணத்தையும் கொடுத்து வாங்கிய பிறகு தயாரிப்பாளரோ, ஒரு ஆப் நிறுவனமோ உங்களுக்குத் திருப்பித் தருவது. கார்டு கேஷ்பேக்கைக் கொடுப்பது கார்டு நிறுவனம்.

பொதுவான விதி இதுதான்: வெவ்வேறு கையிலிருந்து வரும் சலுகைகள் பெரும்பாலும் சேரும். ஒரே கையிலிருந்து வரும் இரண்டு பெரும்பாலும் சேராது. ஒரு பாட்டிலுக்கு இரண்டு தயாரிப்பாளர் கூப்பன்களைக் கொடுத்தால் ஒன்றைத் திருப்பித் தந்துவிடுவார்கள். அதே பாட்டிலுக்குத் தள்ளுபடி விலை, ஒரு கடைக் கூப்பன், ஒரு தயாரிப்பாளர் கூப்பன், மேலே ஒரு ரீபேட் என்றால் பல இடங்களில் தாராளமாகப் போகும். விதிவிலக்குகள் உண்டு. அதனால்தான் ஒவ்வொரு கடையும் கூப்பனுக்கென்று எழுதி வைத்திருக்கும் விதிகளை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிட வேண்டும். பத்து நிமிட வேலை.

படி 1: பன்னிரண்டு பொருட்களுக்கு ஒரு விலை நோட்டு

கூப்பன் தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். உங்கள் வீட்டில் திரும்பத் திரும்பத் தீரும் பொருட்களில் பன்னிரண்டைத் தேர்ந்தெடுங்கள். நூறு வேண்டாம், நூறு என்று ஆரம்பித்தால் மூன்றாம் வாரமே நோட்டு மூலையில் கிடக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம். அதில் தேதி, கடை, அளவு, வழக்கமான விலை, தள்ளுபடி விலை இவ்வளவு போதும். ஃபோனிலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடைக்குள் நிற்கும்போது ஐந்து நொடியில் எடுத்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

பக்கத்தின் மேலே இன்னொன்றையும் எழுதுங்கள்: ஒன்று தீர எத்தனை நாள் ஆகிறது? புதிய பாட்டிலைத் திறக்கும் அன்று அதன் அடியில் பேனாவால் தேதியைக் குறித்துவிட்டால் போதும். தீரும் நாளில் விடை கிடைத்துவிடும். தங்கள் வீட்டில் ஒரு பற்பசை எத்தனை நாள் வரும் என்று பலருக்கும் தெரியாது. நானும் முதல்முறை எழுதிப் பார்த்தபோது, நினைத்ததும் நடந்ததும் வெகு தூரத்தில் இருந்தன. எவ்வளவு வாங்க வேண்டும் என்ற முடிவு முழுக்க இந்த ஒரு எண்ணில்தான் நிற்கிறது.

இரண்டு மூன்று மாதம் எழுதினால் ஒவ்வொரு பொருளின் அடி விலையும், அதாவது அது இறங்கும் மிகக் குறைந்த விலையும், தெரிய ஆரம்பிக்கும். இனிமேல் ஒரு கூப்பனைப் பார்த்தால், 'இதையும் கழித்தால் என் அடி விலைக்குக் கீழே போகிறதா?' என்பதுதான் கேள்வி.

படி 2: லிட்டருக்கு எவ்வளவு, துவைப்புக்கு எவ்வளவு

பாட்டிலின் விலையை ஒப்பிடாதீர்கள். அலகு விலையை ஒப்பிடுங்கள். பாட்டிலின் உயரமும் பாக்கெட்டின் பருமனும் கண்ணை ஏமாற்றும். விலையை மாற்றாமல் உள்ளிருக்கும் அளவை மட்டும் குறைப்பதும் அடிக்கடி நடக்கிறது. 1 லிட்டராக இருந்தது 900 மில்லி ஆகியிருக்கும், பாட்டில் அதே உயரத்தில் நிற்கும். அதனால் நோட்டில் அளவையும் எழுதச் சொன்னேன். பெரிய பாக்கெட்தான் மலிவு என்ற நம்பிக்கையும் எப்போதும் சரியாக இருக்காது. அதுவும் நிலையான தொகை கொண்ட கூப்பன் கையில் இருந்தால், சிறிய பாக்கெட்டின் அலகு விலைதான் பல நேரம் கீழே போகும். 200 விலையுள்ள பெரிய பாட்டிலில் 20 கழிந்தால் 10 சதவீதம். 60 விலையுள்ள சிறிய பாட்டிலில் அதே 20 கழிந்தால் மூன்றில் ஒரு பங்கு. கூப்பனில் குறைந்தபட்ச அளவு எதுவும் போடவில்லையென்றால், சிறியதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சில பொருட்களுக்கு லிட்டர் விலையும் போதாது. சலவைத் திரவத்துக்கு ஒரு துவைப்புக்கு எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதுதான் அளவு. டிஷ்யூவுக்குத் தாள்களின் எண்ணிக்கையும் தாளின் அளவும். பாத்திரத் திரவத்துக்கு எத்தனை நாள் வந்தது என்ற உங்கள் குறிப்பு.

படி 3: தள்ளுபடி வரும் வேளை

நோட்டில் தேதிகள் சேரச் சேர ஒரு தாளம் தெரியும். ஒரே சலவைத் திரவம் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் மீண்டும் மீண்டும் தள்ளுபடிக்கு வரும். அந்த இடைவெளி எட்டு வாரமோ பன்னிரண்டு வாரமோ, உங்கள் கடையில் என்ன என்பதை உங்கள் நோட்டுதான் சொல்லும்.

'50 சதவீதம் தள்ளுபடி' என்ற அட்டையைப் பார்த்ததும் கேட்க வேண்டியது, எந்த விலையிலிருந்து 50 சதவீதம் என்பது. முந்தைய வாரம் விலையை ஏற்றி, இந்த வாரம் இறக்கிக் காட்டுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம். இதைத் தடுக்கத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2022 மே 28 முதல் ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: விலைக் குறைப்பு என்று அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும். அப்படி ஒரு விதி இல்லாத இடத்தில் அந்த 30 நாள் விலையை உங்கள் நோட்டு காட்டும். அமேசானில் வாங்குகிறவர்களுக்குப் பழைய விலைகளை வரைபடமாகக் காட்டும் கீபா, கேமல்கேமல்கேமல் போன்ற சேவைகளும் இருக்கின்றன.

'ஒன்று வாங்கினால்' வகை ஆஃபர்களைச் சதவீதமாக மாற்றிப் பாருங்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பது 50 சதவீதம். இரண்டாவது பாதி விலை என்பது 25 சதவீதம்தான். மூன்று எடுத்தால் இரண்டுக்கு மட்டும் பணம் என்பது 33 சதவீதம். எல்லாமே அத்தனை எண்ணிக்கையும் உங்களுக்குத் தேவை என்றால் மட்டும்.

படி 4: கூப்பனை வாசிப்பது

கூப்பன் என்ற சொல், வெட்டுவதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பழைய கடன் பத்திரங்களின் ஓரத்தில் வட்டிச் சீட்டுகள் இருக்கும். தவணை வந்ததும் ஒன்றை வெட்டிக் கொண்டுபோய்ப் பணம் வாங்குவார்கள். இன்றைக்குக் கத்தரிக்கோலுக்கு வேலை குறைந்துவிட்டது. கடையின் ஆப், தயாரிப்பாளரின் இணையதளம், பாக்கெட்டுக்குள்ளேயே வரும் சீட்டு, பில்லின் பின்பக்கம், மின்னஞ்சல் என்று எல்லா இடத்திலும் கூப்பன் கிடைக்கிறது. ஒன்று கவனியுங்கள்: பாக்கெட்டைப் பிரித்ததும் உள்ளே இருக்கும் சீட்டைப் பார்க்காமலே குப்பையில் போடுகிறோம். அடிக்கடி வாங்கும் பொருளுக்கான கூப்பன் பெரும்பாலும் அந்தப் பொருளின் உள்ளேதான் இருக்கிறது.

கூப்பனில் பெரிய எழுத்தில் இருப்பது தொகை. சிறிய எழுத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஒருமுறை உங்கள் கையில் இருக்கும் ஒரு கூப்பனை எடுத்து இவற்றைத் தேடிப் பாருங்கள்: எந்த அளவு பாக்கெட்டுக்குச் செல்லும், எந்த வகைக்குச் செல்லாது, எத்தனை வாங்க வேண்டும், என்றைக்கு முடிகிறது, ஒரு பொருளுக்கு ஒன்றா அல்லது ஒரு பில்லுக்கு ஒன்றா. இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். 'ஒரு பொருளுக்கு ஒன்று' என்றால், நான்கு பாட்டில் வாங்கும்போது நான்கு கூப்பன் கொடுக்கலாம். 'ஒரு பில்லுக்கு ஒன்று' என்றால் ஒன்றுதான். 'வேறு எந்தச் சலுகையுடனும் சேராது' என்று இருந்தால் பல கடைகளில் அது மற்றக் கூப்பன்களை மட்டும் குறிக்கும், தள்ளுபடி விலையைக் குறிக்காது. சில கடைகளில் இரண்டையுமே குறிக்கும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆப் கூப்பன்களில் பெரும்பாலும் முன்கூட்டியே தொட்டு 'சேர்த்துக்கொள்' கொடுத்திருக்க வேண்டும். பில் போட்ட பிறகு சேர்த்தால் பலிக்காது. கடைக்குள் சிக்னல் இருக்காது என்ற எண்ணத்தோடு வீட்டிலேயே செய்துவிடுங்கள்.

கூப்பனை நகல் எடுப்பது, படத்தில் இருக்கும் பொருளுக்குப் பதில் வேறொன்றை எடுத்துவிட்டு ஸ்கேன் ஆகிறதா என்று முயல்வது, யாரோ அனுப்பிய சந்தேகமான கூப்பனை நீட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். போலிக் கூப்பனுக்குத் தயாரிப்பாளர் பணம் தர மாட்டார், அந்த இழப்பு கடையின் தலையில் விழும். அப்புறம் கடை தன் விதிகளை இறுக்கும். நேர்மையாகச் சேர்க்கிறவர்களும் அதனால்தான் பாதிக்கப்படுகிறார்கள்.

படி 5: எந்த வரிசையில் கழிப்பது

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. இரண்டு சதவீதங்களைக் கூட்டக் கூடாது. 20 சதவீதத் தள்ளுபடியின் மேல் 30 சதவீதக் கூப்பன் என்றால் 50 ஆகாது. 100 முதலில் 80 ஆகும். அந்த 80இல் 30 சதவீதம் 24. மிஞ்சுவது 56. ஆக மொத்தத் தள்ளுபடி 44 சதவீதம். இதில் வரிசையை மாற்றினாலும் விடை மாறாது.

சதவீதமும் நிலையான தொகையும் சேரும்போதுதான் வரிசை முக்கியம். விலை 100, 20 சதவீதக் கூப்பன் ஒன்று, 15 கழிக்கும் கூப்பன் ஒன்று. முதலில் சதவீதம் கழிந்தால் 80, பிறகு 15 போக 65. முதலில் 15 கழிந்தால் 85, அதில் 20 சதவீதம் போக 68. சதவீதம் முதலில் போவதுதான் வாங்குபவருக்கு நல்லது. ஆன்லைனில் இதை இயந்திரமே முடிவு செய்யும். கடையில் சில நேரம், நீங்கள் எதை முதலில் கொடுக்கிறீர்களோ அதுவே முதலில் கழியும்.

அடுத்தது வரம்புக் கூப்பன். '280க்கு மேல் வாங்கினால் 30 குறைவு' என்பது போல. அந்த 280 எந்தக் கட்டத்தில் பார்க்கப்படுகிறது? பெரும்பாலும் தள்ளுபடி கழிந்த பிறகு. மற்றக் கூப்பன்கள் கழிந்த பிறகா என்பது கடைக்குக் கடை மாறும். அதனால் வரம்புக் கூப்பனை எப்போதும் முதலில் நீட்டுவது என் வழக்கம். வரம்பைத் தொடுவதற்காகத் தேவையில்லாத ஒன்றைக் கூடையில் போடுவது பற்றியும் சொல்ல வேண்டும். 280 வரை வர இன்னும் 10தான் வேண்டும் என்றால், நோட்டில் இருக்கும் பன்னிரண்டில் ஒன்றை எடுங்கள். 90 வேண்டும் என்றால் அந்தக் கூப்பனை மறந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முழு உதாரணம். 2 லிட்டர் சலவைத் திரவம், வழக்கமான விலை 200. நமக்கு இரண்டு பாட்டில் வேண்டும், ஆக 400.

இந்த வாரம் 25 சதவீதத் தள்ளுபடி. பாட்டில் 150, இரண்டுக்கு 300.
280க்கு மேல் 30 குறைக்கும் கடைக் கூப்பனை முதலில் கொடுக்கிறோம். 270.
பாட்டிலுக்கு 20 குறைக்கும் தயாரிப்பாளர் கூப்பன் இரண்டு. 40 கழிந்து 230.
கவுண்டரில் நாம் கொடுப்பது 230.
கார்டில் 5 சதவீத கேஷ்பேக், 11.50.
பாட்டிலுக்கு 15 வீதம் ரீபேட், 30.
கடைசியில் நமக்கு ஆன செலவு 188.50.

தயாரிப்பாளர் கூப்பனை முதலில் கொடுத்திருந்தால், சில கடைகளில் தொகை 260க்கு இறங்கி, 280 என்ற வரம்பு தவறி, 30 போயிருக்கும். கொடுத்தது அதே கூப்பன்கள்தான்.

400 போக வேண்டிய இடத்தில் 188.50. பாதிக்கு மேல் மிச்சம். ஆனால் இங்கே நிறுத்திவிடக் கூடாது. பக்கத்து அலமாரியில் கடையின் சொந்தப் பெயரில் 2 லிட்டர் திரவம், எந்தச் சலுகையும் இல்லாமல் 90க்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டர் 45. நாம் இவ்வளவு பாடுபட்டு வாங்கியது லிட்டர் 47க்குச் சற்று மேல். அப்படியானால் தோற்றுவிட்டோமா? இரண்டு பாட்டிலின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். முதலாவதில் ஒரு துவைப்புக்கு 40 மில்லி, இரண்டாவதில் 60 மில்லி என்று இருந்தால், முதலாவது துவைப்புக்கு 1.89, இரண்டாவது 2.70. நாம் வாங்கியதுதான் மலிவு. இரண்டிலும் 40 மில்லி என்று இருந்தால், கூப்பன் இல்லாத பாட்டில்தான் மலிவு. கூப்பன் கையில் இருப்பதாலேயே அந்தப் பொருளை வாங்கியாக வேண்டும் என்றில்லை. கவுண்டருக்குப் போகும் முன் இந்த ஒரு நிமிடத்தை எப்போதும் ஒதுக்குங்கள்.

இன்னொரு விஷயம். கார்டின் 5 சதவீதம் கணக்கில் வர வேண்டுமென்றால், கார்டு பாக்கியை முழுதாகக் கட்ட வேண்டும். மாதம் 3 சதவீத வட்டி என்றால் இரண்டு மாதத்தில் கேஷ்பேக் மொத்தமும் கரைந்துவிடும். பாக்கி வைக்கும் நிலை என்றால் இந்தக் கேஷ்பேக்கையே கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

படி 6: கவுண்டரில்

கூப்பன்களை முன்கூட்டியே வரிசையாக அடுக்கி, அவற்றுக்கான பொருட்களை ஒன்றாக பெல்ட்டில் வையுங்கள். பின்னால் நிற்கிறவர்களுக்கும் நேரம் மிச்சம். கூட்டம் குறைந்த வேளையில் போவது இன்னும் நல்லது. கேஷியர் ஒரு கூப்பனை ஏற்கவில்லையென்றால் வாதாட வேண்டாம். 'சரி, அப்படியானால் இந்தப் பொருளை எடுத்துவிடுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். கணக்கு மாறிவிட்ட பொருளை வெட்கப்பட்டுக்கொண்டு வாங்கி வருவதுதான் உண்மையான நஷ்டம்.

பில்லை வாசலைத் தாண்டும் முன் பாருங்கள். அட்டையில் எழுதிய தள்ளுபடி விலை கணினியில் ஏறாமல் இருப்பது சகஜம். அலமாரி அட்டையை ஃபோனில் படம் எடுத்து வைத்திருந்தால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும்.

ஆன்லைனில் வாங்கும்போது வரிசை வேறு மாதிரி. கேஷ்பேக் தளங்கள், தங்கள் வழியாக நீங்கள் கடைக்குப் போனதற்குக் கடை தரும் கமிஷனில் ஒரு பங்கை உங்களுக்குக் கொடுக்கின்றன. நீங்கள் எந்த வழியாக வந்தீர்கள் என்பதைக் கடை பெரும்பாலும் குக்கீயை, அதாவது இணையதளம் உங்கள் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பை, வைத்துத்தான் அறியும். கடைசியாகத் தொட்ட இணைப்புக்கே பொதுவாகக் கமிஷன் போகும். எனவே பிரோமோ கோடு தேடுவதை எல்லாம் முதலில் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு கேஷ்பேக் தளத்தின் இணைப்பைத் தொட்டு, நேராகப் போய் வாங்கிவிடுங்கள். நடுவில் இன்னொரு கூப்பன் தளத்தைத் திறந்தால் கேஷ்பேக் அந்தப் பக்கம் போய்விடலாம். விளம்பரத் தடுப்பான் இயங்கினாலும் பதிவாகாமல் போகலாம். தளம் பட்டியலிடாத கோடு போட்டால் கேஷ்பேக்கை மறுக்கவும் செய்வார்கள். டெலிவரி கட்டணத்தையும் சேர்த்துத்தான் அலகு விலை பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

படி 7: ரீபேட், அதாவது பாதி வேலை வாங்கிய பிறகுதான்

ரீபேட் தரும் நிறுவனங்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: வாங்கியவர்களில் ஒரு பகுதியினர் கேட்கவே மாட்டார்கள். இப்படிக் கேட்காமல் விடப்படும் பணத்துக்கு அந்தத் தொழிலில் 'பிரேக்கேஜ்' என்று தனிப் பெயரே உண்டு. படிவம், கெடு, பார்கோடு, அசல் பில் என்று ஒவ்வொரு நிபந்தனையும் கொஞ்சம் பேரை வடிகட்டிவிடும். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேரக் கூடாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு தடவை பில்லை அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்தேன். அஞ்சலில் அனுப்பக் கெடு இருந்தது, அவசரம் இல்லை என்று இருந்துவிட்டேன். கடைசி வாரம் எடுத்துப் பார்த்தால் தேதியும் தொகையும் மங்கி, வெள்ளைத் தாளாக இருந்தது. பணம் வரவில்லை. பில் அடிக்கும் தாள் பெரும்பாலும் வெப்பத்தில் நிறம் மாறும் பூச்சு கொண்டது. சூடு பட்டால் கறுக்கும். வெளிச்சம், எண்ணெய்ப் பசை, சில வகை பிளாஸ்டிக் பட்டால் எழுத்து மங்கும். அன்றிலிருந்து கடை வாசலிலேயே பில்லைப் படம் எடுத்துவிடுகிறேன். அசலைக் காகித உறையில் போடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும், பொருளை அடுக்கும் முன்பே செய்ய வேண்டியவை: பில் முழுதும் தெரியும்படி ஒரு படம், பார்கோடு தெரியும்படி ஒரு படம், படிவத்தின் ஒரு படம். ஆப் வழி ரீபேட் என்றால் அப்போதே ஏற்றிவிடுங்கள். வாங்கிய சில நாட்களுக்குள் ஏற்ற வேண்டும் என்று கெடு இருக்கும். அஞ்சல் வழி என்றால் அன்றைக்கே உறையில் போட்டு முகவரி எழுதிவிடுங்கள். பார்கோட்டை வெட்டி அனுப்பச் சொன்னால், முதலில் பொருள் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வெட்டிய பெட்டியைக் கடை பெரும்பாலும் திரும்ப எடுக்காது.

இரண்டு ஆப்களில் ஒரே பில்லை ஏற்றலாமா என்று கேட்பார்கள். இரண்டும் வெவ்வேறு நிறுவனம், இரண்டின் விதிகளும் தடுக்கவில்லை என்றால் ஏற்றலாம். ஒரே தயாரிப்பாளரின் ஒரே ரீபேட்டை இரண்டு முறை கேட்பது ஏமாற்றுவது. ரீபேட் வாங்கிவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுப்பதும் அப்படியே.

இந்த ஆப்கள் உங்களுக்குப் பணம் தருவதற்கு ஒரு காரணம், உங்கள் பில்கள். நீங்கள் எதை, எப்போது, எவ்வளவுக்கு வாங்குகிறீர்கள் என்ற விவரம் அவர்களுக்கு விலையுள்ள சரக்கு. தெரிந்து கொடுத்தால் சரி. சோப்பு பில்லைக் கொடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. மருந்தும் சேர்ந்திருக்கும் பில்லை ஏற்ற மாட்டேன், அதைத் தனி பில்லாகப் போட்டுக்கொள்வேன்.

படி 8: எத்தனை வாங்குவது

விலை அடியில் நிற்கும்போது கை சும்மா இருக்காது. இங்கேதான் படி 1இல் எழுதிய எண் காப்பாற்றும். அடுத்த தள்ளுபடிக்கு எத்தனை வாரம், ஒன்று தீர எத்தனை வாரம்? ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை தள்ளுபடி வருகிறது, ஒரு பாட்டில் மூன்று வாரம் வருகிறது என்றால், தேவை மூன்று. தள்ளுபடி தள்ளிப்போனால் சமாளிக்க ஒன்று. மொத்தம் நான்கு, வீட்டில் இருப்பதைக் கழித்துக்கொண்டு. அதற்கு மேல் வாங்குவது சேமிப்பு ஆகாது, பணத்தைச் சோப்பாக மாற்றிப் பூட்டி வைப்பதாகும். அலமாரியையே காலி செய்து எடுத்து வருவதும் அடுத்து வருகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

எல்லாப் பொருளும் ஒரே மாதிரி காத்திருக்காது. கட்டிச் சோப்பு வைக்க வைக்க உலர்ந்து இறுகும். உலர்ந்த சோப்பு மெதுவாகக் கரையும் என்பதால் அதைத் தைரியமாகச் சேர்க்கலாம். பேட்டரி, குப்பைப் பை, டிஷ்யூ, பல வருடம் தாங்கும். பேட்டரியின் உறையில் தேதி இருக்கும். குளோரின் ப்ளீச் அப்படி இல்லை, நாளாக நாளாக வீரியம் குறையும், சூட்டிலும் வெளிச்சத்திலும் இன்னும் வேகமாகக் குறையும். சலவைத் தூள் ஈரம் பட்டால் கட்டியாகிவிடும். பற்பசைக்கும் சன்ஸ்கிரீனுக்கும் தேதி பார்த்தே வாங்க வேண்டும். முகத்துக்குப் போடும் பொருட்களில் திறந்த மூடியோடு ஒரு சிறிய டப்பா படமும் '12M' போல ஒரு குறியும் இருக்கும். திறந்த பிறகு 12 மாதம் நல்லது என்று அதற்கு அர்த்தம். புதிதாக வாங்கியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வையுங்கள்.

வீட்டில் நிறைய இருந்தால் கை தாராளமாக ஊற்றும் என்பதையும் கவனித்திருக்கிறேன். அதனால் ஒரு பாட்டிலை மட்டும் வெளியே வைத்து, மற்றவற்றைக் கண்ணில் படாத இடத்தில் வைக்கிறேன்.

படி 9: வர வேண்டிய பணம்

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் வேண்டும்: பொருள், வாங்கிய தேதி, ரீபேட் தொகை, அனுப்பிய தேதி, எந்தத் தேதிக்குள் வர வேண்டும். ரீபேட் கையில் வரும் வரை அதைச் சேமிப்பில் சேர்க்காதீர்கள். மேலே சொன்ன உதாரணத்தில் கவுண்டரில் போனது 230 என்பதைத்தான் வீட்டுக் கணக்கில் எழுத வேண்டும். 30 வந்த நாளில் அதை வரவாக எழுதிக்கொள்ளலாம்.

மாதக் கடைசியில் ஒரு மாலை இந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கெடு தாண்டியும் வராததற்கு எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் மட்டும் கேட்டு விடாதீர்கள். பில் படம், பார்கோடு படம், படிவத்தின் படம், கோரிக்கை எண் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் இணைத்துவிட்டால் அவர்கள் திருப்பிக் கேட்க எதுவும் இருக்காது. ஆப்களில் பணம் ஒரு குறைந்தபட்சத் தொகை சேர்ந்த பிறகுதான் எடுக்க வரும். சில ஆப்களில் நீண்ட நாள் தொடாமல் விட்ட இருப்பு காலாவதியாகிவிடும். எனவே எடுக்கக்கூடிய அளவு சேர்ந்ததும் வங்கிக்கு மாற்றிவிடுங்கள். வந்த தொகைக்கு நேராகத் தேதி போட்டு அந்த வரியை அடித்த பிறகு, உறையில் இருக்கும் பழைய பில்லைக் கிழித்துப் போடலாம்.